முதல் வரியில் அப்பாவின் பெயர்

என் அப்பா கையெழுத்துப் போடமாட்டார். ஜேர்மனியில் இது சின்ன விஷயமில்லை. பிள்ளையை நீச்சலுக்கு அனுப்பக் கையெழுத்து, வாசலுக்கு வரும் பொதியை வாங்கக் கையெழுத்து, பல்லுப் பிடுங்கவும் கையெழுத்து. எங்கள் வீட்டில் அத்தனையையும் அம்மாதான் போட்டார். அப்பாவே போட்டாக வேண்டும் என்று ஏதாவது வந்துவிட்டால், அகராதியும் கையுமாக மூன்று நாள் அதை வாசிப்பார். நாலாம் நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவார். அவருக்கு எழுதவே தெரியாதோ என்று நான் கொஞ்சக் காலம் சந்தேகப்பட்டதும் உண்டு.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பேர்லினில், நொய்கெல்ன் என்ற பகுதியில் இருந்தோம். எங்களுக்குக் கீழ்மாடியில் ரீம் இருந்தாள். பலஸ்தீனப் பிள்ளை, என் வகுப்புத்தான். சனிக்கிழமைகளில் அவள் போகிற இளையோர் மன்றத்துக்கு நானும் ஒட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். மன்றம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, முன்பு தையல்கடையாக இருந்த ஒரு முன்னறை. அதை நடத்தியவர் ஹனான் என்ற பல்கலைக்கழக மாணவி. அவருடைய தாயும் தகப்பனும் லெபனானில் ஓர் அகதி முகாமில் பிறந்தவர்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையும் எழும்பி நின்று தன் பெயரையும், தன் குடும்பம் விட்டுவந்த ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். அந்த ஊர்களை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. சில ஊர்கள் இப்போது இல்லவே இல்லையாம். என் முறை வந்தபோது நான் எழும்பி, அப்பாவும் அம்மாவும் விட்டுவந்த கரவெட்டியைச் சொன்னேன். நானும் அதைக் கண்டதில்லை, ஆகையால் எனக்கும் அங்கே நிற்கத் தகுதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் முழுப்பெயரைக் கூப்பிடவே ஆசிரியை மூச்சு வாங்குவார். இங்கே அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து கரவெட்டி என்று ஒருதரம் திருப்பிச் சொன்னார்கள். அன்றோடு நான் அந்த அறைக்கு அடிமையாகிவிட்டேன்.

கைகோத்து ஆடும் ஆட்டம் பழக்கினார்கள். அதைவிடக் கூடுதலாகக் கதைக்கப் பழக்கினார்கள். கூட்டத்தில் எப்படி எழும்புவது, மற்றவன் பேசி முடிக்கும்வரை எப்படி வாயைப் பொத்திக்கொண்டிருப்பது, நகரசபைக்கு எப்படிக் கடிதம் எழுதுவது எல்லாம் அங்கேதான் படித்தேன். முறைவைத்து ஒவ்வொருவரும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கவேண்டும். நான் தாங்கிய தலைமையில் இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். உனக்குக் குரல் இருக்கிறது, காது இன்னும் முளைக்கவில்லை என்று ஹனான் சொன்னார். எனக்கு முதல் பாதி மட்டும் கேட்டது.

அந்த வசந்தத்தில், கட்டடச் சொந்தக்காரர் அறையைத் திருப்பிக் கேட்டார். வேறு ஓர் இடம் தரும்படி நகரசபைக்கு ஒரு மனுக் கொடுப்பது என்று கூட்டத்தில் முடிவானது. ஆளுக்கு ஒரு தாள், ஒரு தாளில் கையெழுத்துக்கு இருபது வரி. முதலில் நிரப்பிக்கொண்டு வருகிறவர்தான் சபைக்குப் போய், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று கடிதத்தை வாசிப்பார். அறை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கு அந்தப் பயமும் இருந்தது, அந்த ஒலிவாங்கி மேல் ஆசையும் இருந்தது.

ரீம் அரபுக் கடைகளைப் பிடித்தாள். தமிழர்கள் என் பங்கு. வெள்ளிக்கிழமை முருகன் கோவிலில், பூசை முடிந்து சோற்றுக்கு நிற்கும் வரிசையில் போய் நின்றேன். கையில் தட்டு வைத்திருக்கிறவர் ஓடமுடியாது என்பது என் கணக்கு. ஆனால் ஒருவர் விடாமல் எல்லோரும் தாளை எட்ட நின்று பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அப்பா போட்டவரோ?

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தாளை நீட்டினேன். ஹனானையும் அறையையும் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் தாளின் விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் தாளைத் திருப்பித் தந்தார்.

"ஏலாது பிள்ளை. வேற என்னவெண்டாலும் கேள், செய்யிறன்."

அன்று இரவே முதல் வரியில் அவருடைய பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு சுழி சுழித்து ஒரு கையெழுத்தும் போட்டேன். ஒருவரும் பார்த்திராத கையெழுத்தைக் கள்ளமாகப் போடுவதில் ஒரு வசதி, அது பிழை என்று சொல்ல ஆளில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் வரிசையே மாறிவிட்டது. இந்த ஊரிலேயே ஆகப் பயந்த மனிதர் போட்டிருக்கிறார் என்றால், பிறகு மற்றவர்களுக்கு என்ன பயம்? சிரித்துச் சிரித்துப் போட்டார்கள். பத்தொன்பது பேர். தாளைக் கொண்டுபோய் ஹனானிடம் கொடுத்தேன். நான்தான் முதல் ஆள்.

நாலு நாளைக்குப் பிறகு, தமிழ்க் கடையில் ஓர் அண்ணை அப்பாவைப் பார்த்து, நீங்களே போட்டதைக் கண்டுதான் நானும் போட்டனான் என்று சொல்லியிருக்கிறார். அப்பா மரக்கறிப் பையைக் கீழே வைக்காமலே என் முன்னால் வந்து நின்றார். ஏன் செய்தாய் என்று கேட்பார், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"என்ர பேரைப் பாத்து எத்தினை பேர் போட்டவை?"

பத்தொன்பது என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அப்பா மரக்கறிப் பையைக் கீழே போட்டார். என் கையைப் பிடித்தார். மன்றத்து வாசல்வரை விடவில்லை.

பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். அப்பா தன்னுடைய அரைகுறை ஜேர்மன் மொழியில், அந்தத் தாள் தனக்கு வேண்டும் என்றார். முதல் வரியில் இருப்பது தான் போட்டதல்ல என்றும் சொன்னார். ஹனான் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். தன் தகப்பனும் எந்தத் தாளைக் கண்டாலும் இதை யார் வாசிப்பார்கள் என்றுதான் முதலில் கேட்பார் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா அதற்குத் தலையாட்டினார். பிறகு ஒரு கறுப்புப் பேனை கேட்டார்.

சின்னப் பிள்ளைகளின் கதிரை ஒன்றில் குந்தி, பத்தொன்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக அழித்தார். கோடு கிழித்து அழிக்கவில்லை, ஓர் எழுத்தும் தெரியாமல் மை பூசினார். பிறகு தாளைத் திருப்பி, எழுத்தின் தடம் தெரிந்த பின்பக்கத்திலும் பூசினார். எனக்கு நிலம் பிளந்து விழுங்காதா என்றிருந்தது. கடைசியில் நான் போட்ட சுழிகளை வெட்டினார். அதற்குப் பக்கத்தில் தன் தகப்பன் பெயரும் தன் பெயருமாகத் தமிழில் முழுதாக எழுதி, கையெழுத்துப் போட்டார். தாளை இரண்டு கையாலும் ஹனானிடம் கொடுத்தார். இருபது வரித் தாளில் ஒரே ஒரு பெயர்.

அத்தோடு விட்டாரா? அடுத்த இரண்டு நாளும் என்னையும் கூட்டிக்கொண்டு, பேருந்தும் ரயிலுமாக ஒவ்வொரு வீடாகப் போனார். உங்கட பேர் இப்ப அதில இல்லை, நான் வடிவா அழிச்சுப்போட்டன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். இது ஜேர்மனியடாப்பா என்று சிலர் சிரித்தார்கள். என் அப்பாவைப் பார்த்து அவர்கள் சிரித்தது எனக்கு அவமானமாக இருந்தது. அதற்காகவும் எனக்குக் கோபம் வந்தது அப்பாவில்தான்.

சபையில் ரீம் கடிதத்தை வாசித்தாள். நான் பின்வரிசையில் இருந்தேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது: வேறு இடம் இல்லை. கோடை முழுவதும் ஹனான் எங்களைப் பூங்காவில் வைத்துக் கூட்டம் நடத்திப் பார்த்தார். குளிர் தொடங்கியதும் வருகிற பிள்ளைகள் குறைந்தார்கள். கடைசிச் சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர், குடைக்குக் கீழே நின்று எங்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லிவிட்டுக் கலைந்தோம்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தார். ஈரச் சட்டையோடே நின்று சொன்னேன்.

"உங்களாலதான். நீங்கள் எல்லாற்ற பேரையும் அழிச்சபடியாத்தான் எல்லாம் போச்சு."

அம்மா என்னை வாயை மூடச் சொன்னார். அப்பா கையை உயர்த்தி அம்மாவை மறித்தார். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தார்.

"ஓம் பிள்ளை" என்றார். "என்னாலதான்."

என் தொழிற்பயிற்சி ஒப்பந்தம் வந்த அன்று, எனக்குப் பத்தொன்பது வயதாகியிருந்தபோது, அம்மா மிச்சக் கதையைச் சொன்னார். ஊரில் இராணுவம் அப்பாவைப் பிடித்துத் தன் முகாமில் வைத்திருந்தபோது, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம், போட்டார். மறுநாள் அந்தத் தாளோடு போய்ச் சித்தப்பாவைப் பிடித்தார்கள். படத்தில் மட்டும் நான் கண்ட சித்தப்பா. அவர் பிறகு வரவில்லை. அப்பாவின் தாய் சாகும்வரை அப்பாவோடு கதைத்தது ஒரு சொல்தானாம். உன்னாலதான்.

பன்னிரண்டு வயதில் எனக்கு இது ஒன்றும் தெரியாது. அப்பாவைப் பிழையை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டேன் என்ற திருப்தியோடு நான் சாப்பிட உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன். அப்பாதான் போட்டார்.