தாய்க் கெண்டை மேல் விழுந்த பழி

திருப்புலிவனத்தில் வரதனின் மீன்குஞ்சுப் பண்ணையில் எல்லம்மாளுக்கு ஆறு வருட வேலை. ஐந்தாவது வரை படித்தவள். காலையில் வந்ததும் தொட்டித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அப்புறம்தான் வாயைத் திறப்பாள்.

பண்ணையின் பெரிய தாய்க் கெண்டையை விரல் நீளத்திலிருந்து வளர்த்தவள் அவள்தான். இந்தக் கோடையில் அது இரண்டு தடவை முட்டையிட்டது. இரண்டு தடவையும் பொரித்த குஞ்சுகள் வால் கோணி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிச் செத்தன.

"தாயே சரியில்ல எல்லம்மா. இன்னொரு தபா பாப்பேன். அப்பவும் கோணலா வந்துச்சுனா ஞாயித்துக்கிழம வெட்டி வித்துடுவேன்" என்றார் வரதன்.

எல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. மகள் இளமதி வளைந்த பாதத்தோடு பிறந்தபோது இதே பேச்சைத்தான் அவளும் தன்னைப் பற்றிக் கேட்டாள்.

அன்று சாயங்காலம், கை கழுவ வைத்து நாலைந்து நாளாய்க் கொட்டாமல் கிடந்த கிணற்றுத் தண்ணீர் வாளியைக் கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முட்டை ஒட்டிய பாசிக்கொடி ஒரு துண்டு அதில் விழுந்து கிடந்திருக்கிறது. இருபது முப்பது குஞ்சுகள் ஊசி மாதிரி நேராக ஓடின. தாய் ஒன்றுதான், நாளும் ஒன்றுதான். தண்ணீர் மட்டும் வேறு.

தொட்டிக்கு ஏரித் தண்ணீர் சுமந்தவள் அவளேதான். பாசி கலந்த பச்சை நிறத் தண்ணீர் இருந்தால் குஞ்சு கண் திறந்ததும் தீனி கிடைக்குமே என்று ஆசையாய்க் குடம் குடமாய் ஊற்றினாள். இந்தக் கோடையில் ஏரி பெயின்ட் கொட்டினாற்போல ஏடு கட்டி நாறியதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. ஈஸ்வரா, என் கையாலேயா!

மறைக்க மனம் வரவில்லை.

"அண்ணா, தாயி மேல தப்பில்ல. நான் ஊத்துன தண்ணிதான்."

"பச்சத் தண்ணி இல்லாம குஞ்சு இன்னாத்த துன்னும்? இட்லி சாம்பாரா?"

"மொதல்ல நேரா பொறக்கட்டும்ணா. துன்றத அப்பால பாத்துக்கலாம்."

மூன்றாவது ஈடு முட்டையை இரண்டாகப் பிரித்து, ஏரித் தண்ணீரில் பாதியும் கிணற்றுத் தண்ணீரில் பாதியும் வைத்தாள். மூன்றாம் நாள் ஏரித் தொட்டியில் ஒன்றுகூட நேராக இல்லை. பக்கத்துத் தொட்டியில் ஒன்றுகூடக் கோணல் இல்லை.

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்த மீன்வளத்துறை ஜெயப்பிரியா மேடமும் அன்றே வந்தார்.

"ஏரியில ஏடு கட்டியிருக்கிற இந்தப் பாசி நரம்பத் தாக்குற விஷத்தத் தண்ணியில விடுதும்மா. முட்டைக்குள்ள நரம்பும் முதுகும் உருவாகுறப்பவே அது பூந்துடுது. தாய் என்ன பண்ணும்? நீங்க பிரிச்சு வெச்சுப் பாத்தீங்க பாருங்க, அதத்தான் நாங்களும் செய்வோம்."

வரதன் குடத்தை எடுத்தார். கிணற்றிலிருந்து நாலு குடம் அவரே இறைத்து ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மீன் வெட்டும் வேதகிரி கத்தியும் தராசுமாக வந்து நின்றான். "பெரிய மீனு எங்கண்ணா?"

"எல்லம்மாவ கேளு."

எல்லம்மாள் தொட்டியின் விளிம்பைத் தட்டினாள். ஆயிரக்கணக்கில் குஞ்சுகள் ஒரே வீச்சாகத் திரும்பி ஓடின.

"புள்ள பெத்தவ வூட்டுக்கு வெறுங்கையோடவா வருவ? போய் தாயிக்குத் துன்ன தவுடு வாங்கினு வா, போ!"