வெறுஞ்சோற்று விருந்து

வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்த பொறுப்பு, கடலாடிப் பக்கம் ஒரு விவசாயியிடம் சோதனைப் பயிருக்கு நிலம் கேட்டு வாங்குவது. புது நெல் ரகத்தைப் பதிவு செய்ய எங்கள் பண்ணையில் நன்றாக விளைந்தால் மட்டும் போதாது. பல ஊர்களில், விவசாயிகளின் மண்ணில், அங்கே வழக்கமாகப் பயிராகும் ரகத்துக்குப் பக்கத்திலேயே வளர்த்து, அதைவிட மேல் என்று காட்ட வேண்டும். அதையும் ஒரு பருவத்தோடு முடித்துவிட முடியாது.

நிலம் கொடுக்க முன்வந்தவர்கள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும். மழையை நம்பி நெல், அதற்கப்புறம் கொஞ்சம் மிளகாய். பிள்ளைகள் திருப்பூரில் வேலை பார்த்தார்கள். நான் நிபந்தனைகளைச் சொன்னேன். ஒவ்வொரு ரகத்தையும் சின்னச் சின்னப் பாத்திகளில், சீட்டுப் போட்டு இடம் பிரித்து, வெவ்வேறு இடங்களில் விதைப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே உரம், ஒரே களையெடுப்பு. எது எந்த ரகம் என்று சொல்ல மாட்டோம், எண் மட்டும்தான்.

“நம்பரச் சொல்லி பயிரக் கூப்பிட முடியுமா?” என்று அந்த அம்மா சிரித்தார். பயிர் முழங்கால் உயரம் வந்ததும் அவரே பெயர் வைத்துவிட்டார். வளர்த்தியானது நெட்டச்சி. கட்டையாக, கருகருவென்று நின்றது குட்டச்சி. மற்றவற்றுக்கும் ஏதேதோ வைத்தார், எனக்கு நினைவில் நின்றவை இந்த இரண்டும்தான். ஐயாவுக்கு நெட்டச்சி மேல் கொள்ளைப் பிரியம். ஊரார் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். குட்டச்சியைப் பார்த்து, “இதெல்லாம் மாட்டுக்குக்கூடத் தேறாது” என்பார்.

கார்த்திகையில் மழை நின்றது. நிலம் பாளம் பாளமாக வெடித்தது. ஒருநாள் நான் போனபோது, பண்ணைக்குட்டையின் ஓரம் ஆயில் இன்ஜினை இறக்கி வைத்துக்கொண்டு ஐயா நின்றார்.

“நெட்டச்சிக்கு மட்டும் ஒரு தண்ணி விட்டுக்கிறேன் மேடம். கண்ணு முன்னால காயுது.”

“கூடாதுங்க ஐயா. மழையில மட்டும் விளையுதான்னு பார்க்கத்தான் இந்தச் சோதனையே.”

“எங்க நெலத்துல நாங்க தண்ணி விடக்கூடாதா?”

இந்தச் சோதனையை நடத்திய எங்கள் நிலையத்துப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். தண்ணீரில்லாமல் நிலம் காயும் காய்ச்சலில்தான் உண்மை தெரியும், ஒரு சொட்டு விடக் கூடாது என்றார் அவர். அதை ஐயாவிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறி நின்றேன். அப்போது அந்த அம்மா வரப்பில் வந்தார்.

“ஏங்க, பரீட்ச எழுதுற பிள்ளைக்குப் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுப்பாகளா? அத எடுத்துக்கிட்டு வாங்க.”

ஐயா இன்ஜினைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நான்கைந்து நாட்கள் அவர் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. நானும் வானத்தைப் பார்த்தபடி பஸ்ஸில் வந்து போனேன். பிறகு கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு, விடியற்காலையில் கொட்டித் தீர்த்தது. அன்று காலை அவரே எனக்குப் போன் செய்து, “மேடம், அங்கனயும் மழையா?” என்று கேட்டார்.

தை பிறந்து அறுத்தோம். பாத்தி பாத்தியாகத் தனித்தனியே அடித்து, ஈரப்பதம் பார்த்து, எடை போட்டோம். மிஞ்சியது சுவைச் சோதனை. அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஊராரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு ரகத்தையும் தனிப் பானையில் வடித்தோம். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வயலில் இருந்த எண்களை விட்டுவிட்டு, பானைகளுக்குப் புது அடையாளம் போட்டோம். குழம்பு கிடையாது, ஊறுகாய் கிடையாது. வெறுஞ்சோற்றை மென்று பார்த்து, பிடித்த பானைக்கு முன்னால் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும்.

“விருந்துக்குக் கூப்பிட்டு வெறுஞ்சோத்தத் திங்கச் சொல்றீகளே!” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மாவின் தங்கை மாரியூரிலிருந்து தூக்குவாளி நிறைய மீன் குழம்போடு வந்து இறங்கினார். வாசனை பந்தலைச் சுற்றியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வாளியைப் பார்த்தார்கள். பேராசிரியர் என் காதில், “அதைப் பிடிச்சு வையுங்க” என்றார். கடைசிக் கொட்டை விழும்வரை அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐயா எல்லாப் பானையையும் இரண்டு முறை ருசி பார்த்தார். கண்ணை மூடி மென்றார். பிறகு ஒரு பானைக்கு முன்னால் கொட்டையை வைத்து, “சந்தேகமே இல்ல, இது நெட்டச்சிதான்” என்று அறிவித்தார். அதிகக் கொட்டைகள் விழுந்ததும் அந்தப் பானைக்குத்தான். பேராசிரியர் பானைகளின் அடையாளங்களை எழுதி வைத்திருந்த தாளைப் பிரித்து, அது குட்டச்சி என்றார்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் முந்தானையால் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. ஐயா வெட்கப்பட்டு, “அந்தக் குழம்ப இப்பவாச்சும் எறக்குங்க மேடம்” என்றார். பேராசிரியர் மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

காய்ச்சலைத் தாங்கியதிலும் குட்டச்சியே முன்னால் நின்றது; அதுதான் எங்கள் புது ரகம். ஆனாலும் இன்னும் சில பருவங்கள், இன்னும் பல ஊர்கள், இந்த ரகம் வேறொன்றின் சாயலல்ல என்று காட்டும் சோதனைகள் எல்லாம் தாண்டித்தான் பதிவு கிடைத்தது. செய்தி வந்ததும் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மிளகாய்ப்பழம் பறித்துக்கொண்டிருந்தார்.

“அப்படியா! நல்லாருக்கட்டும். வெத எப்ப மேடம் வரும்? மொத மூட்ட எங்களுக்குத்தான், சொல்லிப்புட்டேன்.”

“உங்களுக்குத்தாம்மா” என்றேன். என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.