பேய்க்கதைக்கு நான் சொன்ன முடிவு

அறந்தாங்கியில் இரண்டு அரிசி ஆலை, ஒரு கல்யாண மண்டபம், மூன்று மாடி வீடு. எல்லாம் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் கட்டியவை. நேற்று மத்தியானம் அந்த வீட்டு டிவியில் ஒரு பேய்ப்படம். கிணற்றடியில் பெண் சிரித்ததுமே தெரிந்துவிட்டது, அக்கா வாசித்துக் காட்டிய நாவல்தான்.

நான் சிறுவனாக இருந்தபோது கறம்பக்குடியில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கடலை உடைப்பார்கள். அக்கா வாசிப்பாள், அவள் பங்கை மற்றவர்கள் உடைத்துவிடுவார்கள். காய்ந்த கடலையின் மண்வாசம், ஏறி இறங்கும் அக்காவின் குரல். அதை இன்னொரு முறை கேட்க மண்டபத்தையே கொடுத்துவிடுவேன்.

அந்த நாவலில் கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. அக்கா விழித்தாள்.

"ஏன்டி நிப்பாட்டிட்ட? பேய் போச்சா இல்லையா?" என்றாள் பெரியம்மா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அக்காவின் காதில் ஒரு முடிவைச் சொன்னேன். அவள் அச்சில் இருப்பதுபோலவே வாசித்தாள்: "பேய் எங்கும் போகவில்லை. உங்களோடுதான் கடலை உடைக்கிறது."

பெரியம்மா பதறிப்போய் அக்காவையும் சேர்த்து எண்ணிவிட்டாள். "அடியாத்தி, பதினோரு பேரு இருக்கோம்டி!" களமே காலியாகிவிட்டது.

படத்திலோ பூசாரி வந்து பேயைப் புட்டியில் அடைத்துவிட்டார். சப்பென்றிருந்தது. ஆவூரில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவளும் பார்த்திருந்தாள்.

"கெடுத்துட்டாங்கடா. கதை எழுதுன ஆளு எம்புட்டு நல்லா முடிச்சிருந்தாரு!"

"யக்கா, கடைசிப் பக்கம் கிழிஞ்சிருந்தத மறந்துட்டியா? அது அவரு முடிச்சதில்ல, நான் முடிச்சது. பேரப்புள்ளைகளுக்குக் கதை சொல்றப்ப, ஒந்தம்பி பேரையும் சேத்துச் சொல்லு."