கண்ணை மூடித் தடவிய டாக்டரம்மா

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்றை லேத்தை வைத்தே பீளமேட்டில் பம்புசெட் பட்டறை கட்டினேன், அன்னூரில் தோட்டம் வாங்கினேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுகளில் என் வாயின் மேல் அண்ணத்தில் வலியில்லாத கட்டி வந்தது. நான் போட்டிருந்த பல்செட் உரசுகிறது என்று நினைத்து, பல்செட்டை நானே அரத்தால் ராவினேன். இரண்டு மாதமாகியும் கட்டி கரையவில்லை. பயந்துபோய்ப் பல் டாக்டரம்மாவிடம் போனேன். ஒல்லியானவர். கண்ணை மூடிக்கொண்டுதான் வாய்க்குள் விரலால் தடவிப் பார்ப்பார்.

“ஏனுங்க, பல்செட்டை நீங்களே ராவிப்போட்டீங்களா?”

“ஆமாங்க டாக்டரம்மா. தப்புங்களா?”

“தப்புத்தானுங்க. ஆனா உரசறது நின்னும் கட்டி கரையலீன்னா, இது வேறங்க. சதை எடுத்துப் பாக்கோணும்.”

எடுத்த சதையின் சோதனை முடிவு வரும்வரை எச்சில் விழுங்கவே பயந்தேன். உமிழ்நீர்ச் சுரப்பியில் அபூர்வமாக வரும் புற்றுநோயாம். அண்ணத்து எலும்போடு வெட்டி எடுத்தார்கள். பிழைத்தேன்.

கண்ணை மூடி அவர் எதைப் பார்த்தாரோ, இன்றும் புரியவில்லை. கண்டுபிடித்தது அவர்தான். ஆனால் உரசல் காரணமில்லை என்று அரத்தால் காட்டியவன் நான். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.