காயக் கூடாத கூழ்

வாழை மட்டையை அரைத்துக் கூழாக்குவதுதான் என் வேலை என்றால், ராஜபாளையத்துச் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். "டாக்டர் பட்டம் வாங்கிட்டுக் குப்பையைக் கிண்டுதா பாரு." ஆமாம், கிண்டுகிறேன். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

கான்சாபுரத்தில் தார் வெட்டியதும் வாழை மரத்தைச் சாய்த்து வாய்க்கால் ஓரம் போட்டுவிடுவார்கள். அழுகி நாறும். அதை வேனில் ஏற்றி வந்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, வெளுத்து, நன்றாகக் கழுவி, மெஷினில் திரும்பத் திரும்ப அரைப்பேன். நார் கண்ணுக்கே தெரியாத இழைகளாகப் பிரிந்து வெள்ளைக் கூழாக வரும். அதற்குப் பெயர் நானோ செல்லுலோஸ். காகிதத்தில் பூசினால் நெய் ஊறி வெளியே வராது. பிளாஸ்டிக் உறையும் வேண்டாம்.

என் மாமனார் வீட்டில் பேண்டேஜ் துணி வெளுக்கும் தொழில். பாய்லர், காஸ்டிக் எல்லாம் அங்கேயே இருந்ததால் பட்டறைக்குப் பின்னாலிருந்த ரூமை எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்ன, நானே பிடுங்கிக்கொண்டேன். இந்த வருஷம் மாமனாருக்கு அந்த ரூமில் தறி போட ஆசை வந்துவிட்டது.

"ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைக்காரர் உன் காகிதத்தை வாங்குதேன்னு சொன்னா ரூம் உனக்கு. இல்லேன்னா திங்கக்கெழம தறி எறங்கிரும்மா" என்றார்.

ரூம் போனால் என் வேலையும் போச்சு. படிப்பு முடிந்ததுமே கல்லூரியில் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு யார் எனக்குப் பாய்லர் தருவார்கள்?

ஒரு வாளிக் கூழை அரைத்து வைத்துவிட்டு, மட்டை எடுக்கக் கான்சாபுரம் போனேன். சாயங்காலம் திரும்பினால் வாளி காலி. களத்தில் வரிசையாக ஸ்டீல் தட்டுகள். எல்லாவற்றிலும் என் கூழ் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. வெளுப்பு வீட்டில் ஈரத்தைச் சும்மா விடவே மாட்டார்கள், துணி மஞ்சள் பூத்துவிடும். நனைந்தது எதைக் கண்டாலும் மாமியாரின் கை வெயிலைத்தான் தேடும்.

"ஈரமாவே கெடக்குதேன்னு காயப் போட்டேன்த்தா. தண்ணி ஊத்திக் கரைச்சுக்கிட்டா ஆச்சு" என்றார்.

ஐயோ, கரையாது! ஒரு தடவை காய்ந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு வெந்நீரை ஊற்றினாலும் பழைய கூழாகாது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. "கண்டதையெல்லாம் காயப் போடுவீங்களா அத்தை?" என்று கத்தினேன். அவர் முகம் சுண்டிப் போனது. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

"அப்ப தறிக்காரன்ட்ட சொல்லிருதேன்" என்றார் மாமனார்.

"நான் கடைக்குப் போயிட்டு வந்த பொறவு சொல்லுங்க" என்றேன்.

புதிதாக அரைக்க நேரமில்லை. தட்டில் ஒட்டியதைக் கத்தியால் உரித்தேன். பாதி அப்பளம் போல உடைந்தது. காகிதத்தில் பூச முடியாவிட்டால் என்ன, காய்ந்த தாளே நெய்யைத் தடுக்கும் என்று உடையாதவற்றை எடுத்துக்கொண்டு மறுநாள் மடவார் வளாகக் கோவிலுக்குப் பக்கத்திலிருந்த அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் என் தாளை வைத்து, சூடான பால்கோவாவைக் கரண்டியால் அள்ளி வைத்தார். செத்த நேரம் பொறுத்துத் தூக்கிப் பார்த்தார். செய்தித்தாளில் ஒரு பொட்டு நெய் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பால்கோவாவின் ஈரம் ஏறி என் தாள் தொளதொளத்திருந்தது. அவர் விரல் பட்டதும் கிழிந்தது.

"நெய் வரல தாயி, நெசந்தான். ஆனா இது பஸ்ல மதுரை வரைக்கும் தாங்குமா? வேண்டாம்."

"ஈரத்துக்கும் ஒரு வழி பண்ணிட்டு வாரேன்."

"வா, வச்சுப் பாக்கேன்" என்றார்.

வீட்டில் பொய் சொல்லவில்லை. "அவிய வேண்டாம்னுட்டாவ. ஆனா ரூமைத் தர மாட்டேன் மாமா" என்றேன்.

"பேச்சுன்னா பேச்சும்மா."

"உங்க துணி மொதத் தடவையே வெள்ளையா வந்துச்சா? எம்புட்டுத் துணி பாழாப் போயிருக்கும்? அப்ப யாரும் உங்க பாய்லரைப் பிடுங்கலையே!"

அவர் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். தறியை வேண்டாமென்று மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை தறி ஏற்றிய வண்டி வந்தது. நான் முந்தின நாளே ஒரு வேன் மட்டையை இறக்கி ரூமை நிரப்பி, வாசலையும் அடைத்துவிட்டு, அரிவாளோடு உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தேன். "எந்திரிம்மா" என்று மாமனார் கத்தினார். எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குள்ளிருந்து மாமியார் வந்தார். என்னைப் பார்க்காமல் நேரே வண்டிக்காரரிடம் போனார்.

"ஏலே, தறியை எங்க வீட்டு முன்ரூம்ல எறக்கு. சோபாவைத் தூக்கி வெளிய போடு."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார் மாமனார்.

"அவ கூழைக் கெடுத்தவ நானு. ரூமையும் நானே கெடுக்கணுமோ?"

இப்போது எங்கள் முன்ரூமில் தறி ஓடுகிறது. டிவி சத்தமே கேட்கவில்லை என்று மாமனார் தினமும் புலம்புகிறார். என் தாள் இன்னும் ஈரத்தைத் தாங்கவில்லை. அவர் புலம்பட்டும். நான் அரைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.