தம்பியின் அரை டின் அரிசி

புளித்த சோற்றின் வாடை எங்காவது அடித்தால், நான் எங்கே இருந்தாலும் மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டுக்குப் பின்னால் போய் நின்றுவிடுகிறேன். வீட்டை ஒட்டி ஓடிய சாக்கடையை நாங்கள் "லோங்காங்" என்றுதான் சொல்வோம். வெயில் ஏறியதும் அந்த வாடை அதிலிருந்து கிளம்பிச் சமையலறைவரை வரும், பக்கத்து வீட்டுக் கோழிகள்கூடத் தின்று சலித்துத் தலையைத் திருப்பிக்கொண்டு போகும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நிறைந்திருந்த அந்தத் தெருவில், நாள் தவறாமல் நல்ல சோற்றைச் சாக்கடையில் கொட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான்.

காரணம் அம்மா. மலாயா விடுதலை பெறவிருந்த ஆண்டின் தொடக்கத்தில் என் தம்பி முத்து தொண்டை அடைப்பான் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. அந்த நாளில் எல்லார் வீட்டிலும் கெட்டிப் பால் வந்த காலி டப்பாதான் அரிசிப் படி. "பால் டின்" என்போம். அப்பாவுக்கு ஒரு டின், அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று, முத்துவுக்கு அரை என்று அம்மாவின் கை பழகியிருந்தது, அவன் போன பிறகும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. அரை டின்னையும் அள்ளிப் பானையில் போட்டு, வெந்ததும் அவனுடைய மங்குத் தட்டில் பரிமாறி, இன்னொரு தட்டால் மூடி வைப்பாள். மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டுபோய் லோங்காங்கில் கொட்டுவாள். அழுதுகொண்டே செய்திருந்தால் பார்ப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். அவளோ பல் விளக்குவதைப்போலச் செய்தாள்.

அழுகை மட்டுமல்ல, பேச்சும் நின்றுபோயிருந்தது. கேட்டால் "ம்" என்பாள், அதுவும் இரண்டாம் முறை கேட்டால். என் பெயரை அவள் சொல்லிக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது நானே சடை பின்னிக்கொள்ளப் பார்ப்பேன், ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வரும் அதைப் பார்த்து, "உன் தலையில பூனையா பெரண்டுச்சு?" என்று டீச்சர் கேட்டது நினைவிருக்கிறது. வகுப்பே சிரித்தது, எனக்கு வெட்கமாகக்கூட இல்லை. உள்ளே எதுவோ மரத்துப்போயிருந்தது. தூக்கத்தில் மடங்கிக் கிடந்த கை தன்னுடையதா பிறத்தியாருடையதா என்று தெரியாமல் கிடக்குமே, அந்த மாதிரிதான் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டுக்குள் கிடந்தோம்.

பெரியவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். "சின்னஞ்சிறுசுக்குக் கருமாதி கெடையாது, திதியும் கெடையாது. அழுது தீத்துட்டு ஆகவேண்டியதப் பாருங்க." அது எங்கள் வழக்கம், யாரையும் குறை சொல்லவில்லை. பெரியவர் செத்தால் படையல் உண்டு, காக்கைக்குச் சோறு உண்டு, ஆண்டுதோறும் நினைக்க ஒரு நாள் உண்டு. பிள்ளை செத்தால் குழியை மூடியதோடு சரி. அம்மாவின் கைகளுக்கு அவனுக்காகச் செய்ய எதுவுமே மிச்சம் வைக்கப்படவில்லை என்பது இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம், தம்பி போனபோது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான், என்னை விட்டுவிட்டான் என்பது மட்டுந்தான்.

இதற்கிடையில் மெர்டேக்கா, நாட்டின் விடுதலை நாள், வந்தது. தெருவெங்கும் தோரணம் கட்டினார்கள், சீனர் கடைகளில் விளக்கு எரிந்தது, பக்கத்துக் கிராமமான கம்பத்திலிருந்து மலாய்ப் பிள்ளைகள் காகிதக் கொடியோடு ஓடினார்கள். டவுன் போர்டில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக வேலை பார்த்த அப்பா, கடமைக்கு ஒரு கொடியை வாங்கி வந்து சன்னலில் செருகினார். எல்லாரும் கத்தியபோது நானும் "மெர்டேக்கா" என்று கத்திப் பார்த்தேன், என் குரல் வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. வீட்டுக்கு வந்தால் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

கொண்டாட்டமெல்லாம் அடங்கிய பிறகு, பக்கத்து வீட்டுக்கு ரூத்தம்மா குடிவந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, கணவர் இல்லை, தெரு முழுக்கக் கேட்கும் குரல். கிறிஸ்தவர் என்பதால் "வேதக்காரி" என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். வந்த வாரத்திலேயே லோங்காங் வாடை அவரை எங்கள் பின்வாசலுக்கு இழுத்து வந்துவிட்டது. சண்டைக்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். அம்மாவின் கையிலிருந்த சின்னத் தட்டைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"யாரு சோறு தங்கச்சி இது?"

நான்தான், "தம்பி சோறு. தம்பி செத்துட்டான்" என்றேன்.

ரூத்தம்மா "ஐயோ பாவம்" என்று சொல்லவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, தன் சபையில் உள்ள ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசினார். உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினால், இல்லாத வீட்டுக்கு அது போகுமாம். "வேகவச்சா வீணாத்தானே போவுது. புள்ள பங்க அளக்க வேணாம்னு நான் சொல்லல, அள. அளந்து பச்சையாவே எடுத்து வையி. நான் கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

அதுவரை வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் நிறுத்தச் சொன்னவர்கள். அளக்கச் சொன்னவர் இவர் ஒருவர்தான். மறுநாள் அம்மா அரை டின் அரிசியை அள்ளினாள், பானைக்கு மேலே சற்று நேரம் பிடித்தபடி நின்றாள், பிறகு ரூத்தம்மா கொடுத்துவிட்டுப் போன பிஸ்கட் டின்னில் கொட்டினாள். மற்றப் பெண்கள் கைப்பிடி கைப்பிடியாகக் கொண்டுவரும் இடத்தில் எங்கள் வீட்டு டின் மட்டும் மூடி மூட முடியாமல் போகும். "உங்க பக்கத்து வூட்டுல யானை கையா அள்ளுது?" என்று அவர்கள் கேலி செய்ததை ரூத்தம்மா சிரித்துக்கொண்டே வந்து சொல்வார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டின்னைக் கொடுக்கப் போனவள் கையை விடாமல் கேட்டாள்:

"அக்கா, இது எங்க போவுது?"

அத்தனை மாதத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. ரூத்தம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். முன்னால் ஒரு பெரிய பித்தளை அண்டாவில் எல்லாரும் அரிசியைக் கொட்டினார்கள். முத்துவின் அரிசி மற்றவர்களுடைய அரிசியோடு கலந்து போவதை அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். அன்று மத்தியானம் அந்த அரிசி குருபோங் பக்கம், புருஷன் விழுந்து காலை ஒடித்துக்கொண்ட ஒரு வீட்டுக்குப் போனது, நாங்களும் கூடவே போனோம். அங்கே உடனே உலை வைத்தார்கள். ஒரு பையன் சுடச்சுடச் சோற்றை ஊதி ஊதித் தின்றான், தட்டை வழித்து நக்கும்வரை அம்மா அசையவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அப்பாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"சாப்ட்டுட்டான்."

அப்பா பயந்துபோனார். மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தார். "வேதக்காரி வூட்டக் கலைக்கிறா. சாமிய மாத்துனா செத்தவன் வந்துருவானா?" என்று பலகைச் சுவர் அதிரக் கத்தினார். ரூத்தம்மாவுக்கும் கேட்டிருக்கும். முருகன் படத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அம்மா போவதைத் தடுக்கவும் அவரால் முடியவில்லை, தடுத்தால் மறுபடியும் லோங்காங்தான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

ரூத்தம்மா வீட்டில் வாரம் ஒருமுறை பெண்கள் கூடி ஜெபிப்பார்கள். அம்மா ஓரத்தில் உட்காருவாள், நான் வாசலில் உட்காருவேன். ஒரு நாள், செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று வேதத்தில் இருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அம்மா, "சின்னப் புள்ளைங்களுமா?" என்றாள். ரூத்தம்மா, "பின்னே? என் ரெண்டும் அங்கதானே இருக்கு" என்றார். செமாபோக்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தவர் சொல்வதைப்போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு இரண்டு பிள்ளைகள் இறந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தின் முடிவில் "சங்கிலி ஜெபம்" வைப்பார்கள். பாயில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். முடியாதவர் பக்கத்திலிருப்பவர் கையை அழுத்தினால் முறை அவருக்குத் தாண்டிவிடும். அம்மா எப்போதும் அழுத்திவிடுவாள். அன்று அவள் முறை வந்தது, அழுத்தவில்லை, பேசவுமில்லை. கடைசியில் ரூத்தம்மாவே கையை அழுத்தித் தாண்டிப் போகப் பார்த்தபோது அம்மா பேசினாள்.

"ஆண்டவரே, எனக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியாது. முத்து ஒங்ககிட்ட இருக்கான்னா சரி, பாத்துக்குங்க. சரசு இங்க இருக்கா. வாசல்ல ஒக்காந்திருக்கா. அவளுக்குச் சடை பின்னி ரொம்ப நாளாச்சு."

ஆமென் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த சரசு நான்தான். தம்பியைக் குழியில் இறக்கியபோது வராத அழுகை எனக்கு அங்கே வந்தது, மூக்கு ஒழுக, சத்தமாக, நிறுத்தத் தெரியாமல் அழுதேன்.

அன்று சாயங்காலம் அம்மா எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, வலிக்க வலிக்க இரட்டைச் சடை பின்னிவிட்டாள். வேலை முடிந்து வந்த அப்பா என் தலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரிசி டின்னைத் தன் சைக்கிளில் கட்டிக் கோயில் வாசல்வரை கொண்டுபோனவர் அவர்தான். உள்ளே வரவில்லை. அம்மா ஞானஸ்நானம் பெற்ற நாளிலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெளியேதான் நின்றார். கடைசிவரை அவர் முருகன் படத்தை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அம்மாவும் ஒரு நாளும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பலகை வீடுகள் இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள். லோங்காங்கைச் சிமெண்டுப் பலகையால் மூடிவிட்டார்கள். தகரக் கோயில் மாடிக் கட்டடமாகிவிட்டது, குளிர்சாதனம் ஓடுகிறது, காணிக்கையை உறையில் போடுகிறார்கள். அரிசி கொண்டுபோனால் எங்கே வைப்பது என்று அவர்களுக்கே தெரியாது. ரூத்தம்மாவின் கல்லறையைத் தேடிப் போனேன், எழுத்து அழிந்த கற்களுக்கு நடுவே கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மா நிறைந்த வயதில் போனாள். கடைசி வாரத்தில் அவளைப்போல உற்சாகமாக யாரும் அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் இருந்திருக்கமாட்டார்கள். பெட்டி கட்டிவிட்டு வண்டிக்குக் காத்திருப்பவள்போல இருந்தாள். அவளைவிட நான்தான் பயந்திருந்தேன். என் நரைத்த தலையைத் தடவிக்கொண்டே, "முத்துவப் பாக்கப் போறேன்" என்றாள். பிறகு, ஒன்பது வயதில் என்னை விட்டுவிட்டுப் போனது நினைவுக்கு வந்ததோ என்னவோ, கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீ அவசரப்படாத சரசு. மெதுவா வா. நாங்க இருப்போம்."

எனக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் வலிக்கிறது, மெதுவாகத்தான் நடக்கிறேன்.