ஐந்தாம் மாடியில் நிற்காத லிஃப்ட்

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில், ஏழைகளுக்காக அரசு கட்டிய பழைய அடுக்குமாடி ஒன்றைப் பார்க்க வந்திருக்கிறேன். சென்னையில் எனக்கும் கட்டடம் வரைவதுதான் தொழில். இங்கே லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நிற்கும். நடு மாடிகளில் இருப்பவர்கள் லிஃப்ட் நிற்கும் மாடியின் அகலமான பொது நடைக்கூடத்தில் இறங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டுப் படியேறட்டும் என்பது வரைந்தவரின் எண்ணம். இப்போது இது பாதுகாக்கப்பட்ட சின்னம்.

ஐந்தாம் மாடியில் தமிழ்க் குரல் கேட்கிறது. நாகூர்க்காரர் ஹமீதும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு நாற்காலியைத் தூக்குகிறார்கள். அதில் ஹமீதின் மனைவி. டயாலிசிஸுக்குப் போகவேண்டும்.

"இந்த ஃப்ளோர்ல லிஃப்ட் நிக்கிற மாதிரி பண்ண முடியாதா அங்கிள்?" என்று ஹமீதிடம் கேட்கிறேன்.

"அப்ளை பண்ணேன் தம்பி. ஹிஸ்டாரிக் பில்டிங், சுவத்துல கை வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. கீழ வீடு கேட்டும் ரெண்டு வருஷமாச்சு."

கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டு நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன். ஒவ்வொரு படிக்கும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொள்கிறார். நான்காம் மாடியில், லிஃப்ட் வாசலில் இறக்கி வைக்கிறோம்.

"எதைப் பாக்க வந்தீங்க தம்பி?" என்று அந்த அம்மா கேட்கிறார்.

இந்தப் படிகளைத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.